மூன்றே முக்கால் அடி

காலையில் ஒட்டிய டேப் சாயங்காலத்துக்குள் கிழடு தட்டிப் போயிருந்தது.

சிவப்புத் துணி டேப். அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் அக்கா அதன் உறையைப் பிரித்து, பல்லால் கடித்துக் கிழித்து, எட்டு இடங்களில் பெருக்கல் குறி போல ஒட்டி, ஒவ்வொன்றிலும் கறுப்பு மார்க்கரில் ஓர் எண் எழுதியிருந்தாள். கேமரா நிற்க வேண்டிய இடங்கள். ஒன்று எதிர் நடைபாதையில். இரண்டு மாடிப்படித் திருப்பத்தில். மூன்று வாசல் கதவுக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். மீதி ஐந்தும் வீட்டுக்குள்: ஹால், நடைவழி, சமையலறை வாசல், படுக்கையறை வாசல், கடைசியாகக் கட்டில் ஓரம்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தபோது மூன்றாம் எண் பாதி அழிந்திருந்தது. டேப்பின் ஓரங்கள் சுருண்டு தூசி ஏறி, நடுப்பகுதி எண்ணெய் தேய்த்தது மாதிரி மினுங்கியது. யாரோ ஒருவர் வருடக்கணக்கில் அதே இடத்தில் நின்று, காலை மாற்றி மாற்றி ஊன்றிக் கொண்டிருந்தால் எப்படித் தேயுமோ அப்படி.

படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது ஒன்றும் இரண்டும்கூடத் தேய்ந்துதான் தெரிந்தன. அவற்றை அவள் பொருட்படுத்தவில்லை. தெருவில் நாலு பேர் மிதிப்பார்கள், படியில் கீழ்வீட்டுக்காரர்கள் ஏறி இறங்குவார்கள். ஆனால் மேல்மாடியில் இந்த ஒரு வீடுதான். காலையிலிருந்து அவள் வெளியே வரவில்லை, யாரும் மணி அடிக்கவும் இல்லை.

திரும்பி ஹாலைப் பார்த்தாள். நான்காம் எண் புத்தம் புதிதாகச் சிவந்து கிடந்தது.

“என்னக்கா, வாசல்ல குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருக்கே? பேய் வந்தா வரவேற்கவா?”

தங்கை படியேறி வந்து கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊரார் கையைப் பிடித்துக் குத்துகிற வேலை. அதனால் அவளுக்கு வீட்டில் பெயரே ஊசி. இருபத்தாறு வயது. காலை ஆறு மணிக்குப் போய் நாலு மணிக்கு வருவாள், தண்ணீர் குடிப்பாள், கட்டிலில் விழுவாள், ஐந்தரை வரை ஊரே இடிந்தாலும் எழ மாட்டாள்.

“இந்த டேப்பை நீ மிதிச்சியா?”

“நான் இப்பத்தானே வர்றேன். உன் டேப்பை மிதிக்க ஸ்பெஷலா லீவு போட்டு வருவேனா? நகரு, கால் வலி உயிர் போகுது.”

அக்கா நகர்ந்தாள். ஊசி மூன்றாம் எண்ணைத் தாண்டிக் குதித்து உள்ளே போனாள்.

அம்மா போனபோது ஊசிக்குப் பதினோரு வயது. அதற்குப் பிறகு தலை பின்னியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலில் விழித்திருந்தது எல்லாம் அக்காதான். வெளியே அக்கா ஓர் இணை இயக்குநர். பதினோரு வருடமாக இணை இயக்குநர். அடுத்தவர்கள் படத்துக்கு மழை வரவழைத்து, கூட்டம் சேர்த்து, கோபித்துக் கொண்ட நடிகர்களைச் சமாதானம் செய்தே முன்தலை நரைத்துவிட்டது. போன வாரம்தான் ஒரு தயாரிப்பாளர் வாயைத் திறந்தார்.

“பேய்ப் படம் எடுக்கிறவன் எல்லாம் ராத்திரி, மழை, கரண்ட் கட்டுன்னு ஆரம்பிக்கிறான். எனக்குக் கொட்டாவி வருது. நீ பட்டப்பகல்ல பயமுறுத்திக் காட்டு. முதல் நாலு நிமிஷம் மட்டும் எழுதிட்டு வா. கேட்டுட்டு நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்னா படம் உன்னுது. வெள்ளிக்கிழமை.”

அக்கா யோசித்தது எளிமையான விஷயம். ஒரு பெண் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். படியேறுகிறாள், கதவைத் திறக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், படுக்கிறாள். வேறு ஒன்றுமே நடப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு ஷாட்டிலும் கேமரா முந்தைய ஷாட்டைவிடக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. ஐந்தாவது ஷாட்டில்தான் பார்க்கிறவனுக்கு உறைக்க வேண்டும், இது கேமரா இல்லை என்று. அந்தப் பெண்ணுக்கு அவள் தங்கையையே மனதில் வைத்துக் கொண்டாள். நேரமும் அவளுடைய நேரம், வீடும் அவளுடைய வீடு.

செவ்வாய்க்கிழமை ஒளிப்பதிவாளன் போன் செய்திருந்தான். சோடாபுட்டி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவு கனமான கண்ணாடி.

“ஷாட் லிஸ்ட் பார்த்தேன். ‘யார் பார்வை’ங்கிற கட்டத்தை மட்டும் காலியா விட்டிருக்கே.”

“வேணும்னுதான் விட்டேன். யாரோட பார்வையும் இல்ல.”

“அப்ப கேமராவை எந்த உயரத்துல வைக்கட்டும்? உன் தலை மேலயா? யாராவது ஒருத்தன் அங்க நின்னு பார்த்தாத்தான் எனக்கு உயரம் கிடைக்கும்.”

நியாயமான கேள்வி. அக்கா ஸ்டாண்டில் போனை மாட்டி ஏற்றி இறக்கிப் பார்த்தாள். ஐந்தடியில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பது போல இருந்தது. இரண்டடியில் பூனை. மூன்றே முக்கால் அடிக்கு வந்தபோது அவளுக்கே முழங்கை மயிர் நிமிர்ந்தது. நிற்கிறவனுக்குக் குறைச்சல், உட்கார்ந்தவனுக்கு அதிகம், குழந்தைக்கும் பொருந்தவில்லை. எந்த மனிதனும் உலகத்தைப் பார்க்காத உயரம்.

“குனிஞ்சு நிக்குதா?” என்றான் சோடாபுட்டி.

“குனியல. அதோட உயரமே அதுதான்.”

“எப்படி நடக்கும்?”

“நடக்காது. யாரும் பார்க்காத நேரத்துல இடம் மாறியிருக்கும். கண் சிமிட்டாது. நாலு மணிக்கு வரும், அந்த வெயில் நடைவழியில விழுந்து கிடக்கிற ஒரு மணி நேரம் மட்டும்.”

“காலடிச் சத்தமாவது குடு தாயே, நான் பிழைக்கணும்.”

“காலடி கிடையாது. வறண்ட நாக்கு மேலண்ணத்துல ஒட்டியிருந்து பிரியும் பாரு, அந்தச் சத்தம். அவ்வளவுதான்.”

சோடாபுட்டி போனிலேயே வாயால் அதைச் செய்து காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக் கொண்டே அவள் கட்டம் கட்டமாக எல்லாவற்றையும் எழுதி நிரப்பினாள்.

“எதுக்கு வருது?”

“அவளைப் பார்க்க.”

“பார்த்துட்டு?”

“அது ஒன்பதாவது ஷாட். இன்னும் யோசிக்கல.”

---

டேப் ஒட்டிய அதே புதன்கிழமை, நாலே முக்கால். ஊசி உள்ளே தூங்கிக் கொண்டிருந்தாள். அக்கா ஹாலில் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீள நீளமாகச் சாய்த்து நடைவழி வரைக்கும் இழுத்துக் கொண்டு போயிருந்தது. ஃப்ரிட்ஜ் முனகி ஓய்ந்தது. கீழே எங்கோ ஒரு குழாயிலிருந்து வாளிக்குள் தண்ணீர் விழும் சத்தம் வாளி நிறைய நிறையத் தடித்துக் கொண்டே வந்து, யாரோ குழாயை மூடியதும் சட்டென்று நின்றது. அந்த நிசப்தத்தில் வாசல் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தாழ்ப்பாளுக்குச் சற்றுக் கீழே இருந்து, அது கேட்டது.

ஒரு நாக்கு மெதுவாகப் பிரிகிற சத்தம்.

அக்காவின் பேனா நின்றது. சோடாபுட்டி விளையாடுகிறானோ? எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். படிக்கட்டு காலியாக இருந்தது. மூன்றாம் எண்ணில் இப்போது எழுத்தே இல்லை.

---

வியாழக்கிழமை நாலு மணிக்கு முன்பே அவள் ஹாலில் நாற்காலியைப் போட்டு நான்காம் எண்ணுக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். தன்னைப் பார்த்தால் தனக்கே சிரிப்பு வந்தது. டேப்புக்குக் காவல்.

ஊசி வந்தாள், தண்ணீர் குடித்தாள், அக்காவைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்குவியா, இல்ல இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?”

“நீ போய்ப் படு.”

“படுக்கிறேன். நாளைக்குப் படம் கிடைச்சா எனக்கு ஒரு வேஷம் குடு. பேயா வேண்டாம், மேக்கப் போட நேரம் ஆகும்.”

படுக்கையறைக் கதவு சாத்திக் கொண்டது. அக்கா நான்காம் எண்ணைப் பார்த்துக் கொண்டே இருந்தாள். கண் எரிந்தது. சிமிட்டினாள். ஒன்றுமில்லை. டேப் காலையில் ஒட்டியதுபோல் அப்படியே சிவப்பாக, ஈரம் போலப் பளபளத்தது. பத்து நிமிடம். இருபது. ஜன்னல் கம்பிகளின் நிழல் அதன் மேல் ஏறி மறுபக்கம் இறங்கியது. வியர்வையும் சோப்புமாகத் தன் உடம்பின் வாசனை. அதற்கு அடியில், இதுவரை இந்த வீட்டில் இல்லாத ஒரு வாசனை, நெடுநாள் மூடி வைத்த டப்பாவைத் திறந்தது போல.

மேஜை மேல் போன் அடித்தது. திரும்பினாள். சோடாபுட்டி. கையை நீட்டி அடக்கினாள். மூன்று வினாடி இருக்கும்.

திரும்பிப் பார்த்தபோது நான்காம் எண் தேய்ந்திருந்தது.

ஓரங்கள் சுருண்டு. தூசி ஏறி. நடுவில் மினுமினுப்பு.

அவளுக்கும் அந்த டேப்புக்கும் நடுவே இரண்டடிகூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கண்ணுக்கு நேராக, கொஞ்சம் மேலே, காற்று மட்டும்தான் இருந்தது. அந்தக் காற்றை அவள் பார்த்தாள். பார்த்துக் கொண்டிருக்கும் வரை அது நகராது. அவள்தான் அப்படி எழுதியிருந்தாள்.

பிறகு கண்ணில் வியர்வை இறங்கியது. துடைத்தாள்.

நடைவழியில் நாக்கு பிரிந்தது.

ஐந்தாம் எண். அதற்கு அப்பால் ஆறு. ஏழு. அதற்கு அப்பால் கதவு. கதவுக்கு உள்ளே ஊசி, வாயைத் திறந்து கொண்டு, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க.

அக்கா கத்தவில்லை. ஓடவும் இல்லை. பதினோரு வருடத் தொழில் புத்தி வேறொன்றைச் செய்தது. ஷாட் லிஸ்ட்டை இழுத்தாள். ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் அடித்தாள். மேலே எழுதினாள்: ‘ஆறு, ஹாலுக்குத் திரும்புகிறது. ஏழு, வாசலுக்கு வெளியே. எட்டு, எதிர் நடைபாதை. போய்விடுகிறது.’

கண்ணை மூடினாள். எண்ணினாள். ஒன்று. இரண்டு.

சத்தம் ஹாலில் கேட்டது. அவள் காதுக்குப் பக்கத்தில். பிறகு கதவுக்கு வெளியே. பிறகு படியில், சின்னதாக. பிறகு ஒன்றுமே இல்லை. கீழே யாரோ குழாயைத் திறந்தார்கள்.

ஐந்தரைக்கு எழுந்து வந்த ஊசி அவளைப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள். “என்னக்கா இது, தொப்பலா நனைஞ்சிருக்கே? இப்படி உழைச்சா படம் வர்றதுக்குள்ள நீ போய்ச் சேர்ந்துருவே.”

அக்கா அந்தக் கையைப் பிடித்துக் கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

---

ஏழு மணிக்குத் தயாரிப்பாளர் கேட்டதால் திருத்திய பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஐந்தாவது நிமிடம் போன் வந்தது.

“ஏம்மா, என்ன இது? பேய் வீட்டுக்கு வந்துட்டு டாட்டா காட்டிட்டுப் போகுதா? தண்ணி குடிச்சுட்டுப் போகுதா, காப்பி குடிச்சுட்டுப் போகுதா?”

“சார், அது ஒரு...”

“முன்னாடி சோடாபுட்டிகிட்ட சொன்னியாமே, கட்டில் வரைக்கும் வருதுன்னு. அவன் சொல்லும்போதே எனக்கு முதுகு சில்லுன்னு ஆச்சு. அதைக் கொண்டா. ஒன்பதாவது ஷாட்டோட கொண்டா. இன்னொண்ணு, உன் வீடு, உன் படுக்கையறைன்னு இடத்தை எழுதாதே. நான் வேற இடத்துல எடுப்பேன். இடத்தைப் பொதுவா விடு.”

“சார், இதுவே...”

“இல்லேன்னா வேற ஆள் காத்திருக்கான்மா.”

போனை வைத்த பிறகு அக்கா வெகுநேரம் பேனாவைத் தொடவில்லை. சமையலறையில் ஊசி ஏதோ பாட்டை முணுமுணுத்துக் கொண்டு தட்டு கழுவினாள். பதினோரு வருடம். இன்னொரு பதினோரு வருடம். நாளை காலை பதினோரு மணிக்குக் காட்ட வேண்டும். பன்னிரண்டுக்கு வெளியே வந்ததும் அடித்துவிடலாம். அது வருவது நாலு மணிக்கு. நடுவில் நாலு மணி நேரம் இருக்கிறது. காகிதம்தானே? அடித்தால் போகிறது, இன்றைக்குப் போகவில்லையா?

புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினாள். எட்டில், இடம் என்ற கட்டத்தில், ‘படுக்கையறை’ என்று எழுதப் போனவள் நிறுத்தி, ‘அவள் எங்கே படுத்திருக்கிறாளோ அங்கே’ என்று எழுதினாள். ஒன்பதாவது ஷாட் தானாக வந்தது. எழுதி முடித்ததும் அவளுக்குத் தெரிந்தது, இதைவிட நல்ல தொடக்கத்தை அவள் வாழ்நாளில் எழுதப் போவதில்லை.

அந்தச் சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

---

பதினோரு மணிக்கு வர வேண்டிய தயாரிப்பாளர் இரண்டு மணிக்கு வந்தார்.

அதுவரை அக்கா அவருடைய அலுவலக வரவேற்பறையில், தோல் உரிந்த சோபாவில், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டதும் நின்றுகொண்டே படித்தாள். அவர் பால்பாயிண்ட் பேனாவின் தலையை அழுத்தி அழுத்தி விளையாடிக் கொண்டிருந்தார். ஐந்தாவது ஷாட்டில் பேனாவின் சத்தம் நின்றது. எட்டாவதில் அவர் கால்களை மேஜைக்கு அடியிலிருந்து இழுத்துக் கொண்டார்.

“ஒன்பது. அவள் கண் திறக்கிறாள். நேராகப் பார்க்கிறாள். பார்வை நிற்கவில்லை. நெருங்கிக் கொண்டே வருகிறது.”

“எது வரைக்கும்?”

“நிக்காது சார்.”

தயாரிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். நின்ற பிறகுதான் தான் நிற்பது அவருக்குத் தெரிந்தது. அசட்டுச் சிரிப்போடு கை நீட்டினார்.

“படம் உன்னுது.”

அவள் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைக்கப் போனாள்.

“அதைக் குடு. இங்கயே இருக்கட்டும். கதை வெளியே போயிருச்சுன்னா யார் பொறுப்பு?” ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். “இதுதான் கடைசிப் பிரதி. இனிமே ஒரு புள்ளி, ஒரு கமா மாறக் கூடாது.”

“சார், ஒரே ஒரு திருத்தம். இப்பவே, இங்கயே...”

“நான் எழுந்து நின்னுட்டேன்மா. நின்னப்புறம் என்ன திருத்தம்?” மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

“கெஞ்சிக் கேக்கிறேன் சார். எட்டாவது ஷாட்ல ஒரு வரி.”

“முதல் படத்துலயே இயக்குநர் அடம்பிடிக்க ஆரம்பிச்சாச்சா? சந்தோஷம். போ, வீட்ல போய்ச் சொல்லு.”

தெருவுக்கு வந்தபோது மணி மூன்று. பைக்குள் கிடந்த ஒரு கவரின் பின்பக்கத்தில், ‘திரும்பிப் போகிறது, வருவதே இல்லை’ என்று எழுதினாள். இந்தத் தொழிலில் பதினோரு வருடம் இருந்தவளுக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்ட பிரதிதான் பிரதி. மற்றதெல்லாம் கிறுக்கல்.

ஊசிக்குப் போன் செய்தாள்.

“இன்னைக்கு வீட்டுக்கு வராதே.”

“ஏன்? யாரையாவது வரச் சொல்லியிருக்கியா? மாப்பிள்ளை பார்க்க எனக்கு உரிமை இல்லையா?”

“விளையாடாதே ஊசி. ஏழு மணி வரைக்கும் அங்கயே இரு.”

“சரி சரி. காலைலேர்ந்து தொண்ணூறு பேருக்கு ரத்தம் எடுத்துருக்கேன், கை கழண்டு போச்சு. இங்க ஓய்வறையில படுத்துக்கிறேன். ஏய், படம் என்னாச்சு?”

“கிடைச்சிருச்சு.”

மறுமுனையில் ஊசி போட்ட கூச்சலில் போன் கிறீச்சிட்டது. யாரோ அவளை அதட்டினார்கள். “அக்கா, நான் அழுதுருவேன் போலிருக்கு. எங்க டைரக்டரம்மா!” என்றாள். அதற்குள் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

---

நாலு மணிக்கு ஊசியின் கட்டிலில் அக்கா படுத்திருந்தாள்.

வரட்டும். வேலை முடிந்து வந்து படுத்திருப்பவள் இன்று நான்தான். தலையணையில் ஊசியின் தலைமுடி வாசனை, அதில் கொஞ்சம் ஸ்பிரிட் நெடி. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை மெல்ல இடறியது. திறந்திருந்த கதவு வழியாக நடைவழியின் வெயில் தெரிந்தது, அதில் தூசி மிதந்தது. காது இரண்டும் வாசலுக்குப் போய் நின்றுவிட்டன. படுக்கையறை வாசலில் ஏழாம் எண். தலையைச் சாய்த்தால் கட்டில் ஓரத்தில் எட்டு. இரண்டும் புதுசு.

நாலே கால். ஒன்றும் இல்லை.

வேண்டுமென்றே கண்ணை மூடினாள். நூறு எண்ணினாள். திறந்தாள்.

ஏழு புதுசு. எட்டு புதுசு.

நாலரை. பழைய டப்பா வாசனை இல்லை. நாக்கு பிரியவில்லை. வீடு வெறும் வீடாக இருந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக வெறும் வீடு. அவளுக்குச் சிரிக்கத் தோன்றியது. கவரில் எழுதியது பலித்துவிட்டதோ? அல்லது எல்லாமே தூக்கம் இல்லாத மண்டையின் வேலையோ? திங்கள்கிழமை நடிகர்கள் தேர்வு. சோடாபுட்டிக்குச் சொல்ல வேண்டும். ஊசிக்கு ஒரு புடவை. எட்டாவது ஷாட்டுக்கு ஒரு நல்ல இடம் பார்க்க...

இடம்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

அவள் எங்கே படுத்திருக்கிறாளோ அங்கே.

போன் எங்கே? தலையணைக்கு அடியில். கை வழுக்கியது. வீடியோ அழைப்பு. ஒரு முறை அடித்தது. இரண்டு முறை. எடு. எடு ஊசி. ஐந்து முறை. ஆறு.

திரை விழித்தது. குறுகலான அறை, சுவரோரம் இரும்புக் கட்டில், பச்சைத் திரைச்சீலை. தூக்கக் கலக்கத்தில் ஊசியின் முகம். கன்னத்தில் தலையணையின் கோடு.

“என்னக்கா... இப்பத்தான் கண் அசந்தேன்.”

“எழுந்திரு. வெளியே வா. ஆளுங்க இருக்கிற இடத்துக்குப் போ.”

“இங்க எப்ப வந்தே நீ?”

“நான் எங்க வந்தேன்?”

“கட்டில் பக்கத்துல டேப் ஒட்டியிருக்கே.” ஊசி கொட்டாவி விட்டுக் கொண்டே கீழே பார்த்தாள். “சிவப்பு டேப். எட்டு மாதிரி இருக்கு, பாதி அழிஞ்சு கிடக்கு. உன் கையெழுத்துதான். என்னைப் பயமுறுத்தவா இவ்வளவு தூரம்...”

“ஊசி, ஓடு!”

ஊசி நிமிர்ந்தாள்.

போனைப் பார்க்கவில்லை. போனுக்குக் கொஞ்சம் மேலே. போனுக்குப் பின்னால். வாயில் பாதிக் கொட்டாவி அப்படியே நின்றது. முகம் ரத்தம் வற்றி வெளுப்பது திரையிலேயே தெரிந்தது. கண்கள் அகன்றன. அகன்று கொண்டே போயின.

“ஊசி! என்னைப் பார்! இங்க பார்!”

படம் ஆடியது. ஒரு நொடி கூரை, ஒரு நொடி பச்சைத் திரை. பிறகு நிலைத்தது. துளி நடுக்கம்கூட இல்லாமல் நிலைத்தது. கட்டில் ஓரத்திலிருந்து, நிற்கிறவனுக்குக் குறைச்சலான, உட்கார்ந்தவனுக்கு அதிகமான ஓர் உயரத்திலிருந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கையின் முகத்தை முழுசாகக் காட்டியது. நல்ல சட்டகம். ஊசியின் வாய் அசைந்தது. அக்கா என்று அசைந்தது. சத்தம் வரவில்லை.

போர்வையை மார்பு வரை இழுத்து இறுகப் பிடித்திருந்தாள்.

இரண்டு கைகளாலும்.

அக்கா அந்தக் கைகளையே பார்த்தாள். வலது கை. இடது கை. பத்து விரல்கள். போன் எதிலும் இல்லை.

படம் நகரத் தொடங்கியது. அவசரமே இல்லாமல். தங்கையின் முகம் பெரிதானது. கன்னத்தில் தலையணைக் கோடு. மூக்கின் மேல் வியர்வைத் துளி. இரண்டு கண்கள். பிறகு ஒரே ஒரு கண். திரை முழுக்க ஒரு கண், இமைக்காமல், ஈரமாக. எந்த லென்ஸும் அங்கே நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. உள்ளே போனது.